ஜவ்வாது மலையில் ஒரு சீமைக் கோயில்

போன வருஷம் இங்கிலாந்தில் மகன் வீட்டில் சில மாதங்கள் இருந்தேன். பேத்தியைப் பார்த்துக்கொள்ள என்று பெயர். பேத்தி காலையிலேயே பள்ளிக்கூடம் போய்விடுவாள், மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள், நான் ஹீட்டருக்குக் காவல் இருப்பேன். அலுத்துப்போய் ஒரு நாள் நடக்கக் கிளம்பியவன், தூறல் வலுத்ததும் பக்கத்துக் கிராமத்துச் சர்ச்சில் ஒதுங்கினேன். ஈரக் கல், மெழுகு, பழைய மரம் மூன்றும் கலந்த ஒரு வாசனை. அது மூக்கில் ஏறியதும் எனக்கு ஜவ்வாது மலையும் ஒடுகத்தூர் மேஸ்திரியும் ஞாபகத்துக்கு வந்துவிட்டார்கள். என்ன சம்பந்தம் என்றுதானே கேட்கிறீர்கள்? கொஞ்சம் பொறுங்கள்.

உள்ளே பூ அடுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாள், விக்டோரியா மகாராணி காலத்துக் கட்டடம், சுற்றிக் காட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம், எனக்கே தெரியும் என்றேன். கையை நீட்டிச் சொல்லிக்கொண்டே போனேன். அதோ கிழக்கே பீடம். மேற்கே மணிக்கூண்டு, அதன் உச்சியில் இரும்புச் சேவல் இருக்கவேண்டும். தெற்கே வாசல் மண்டபம். வடக்கே அந்தச் சின்னக் கதவைத் திறந்தால் வெஸ்ட்ரி, அதாவது பாதிரியார் உடுப்பு மாற்றும் அறை. அதன் மூலையில் குளிர்காயும் கணப்பு, அந்த அறையிலிருந்து வெளியே போகத் தனிக் கதவு. அந்த அம்மாள் போய்த் திறந்து பார்த்தார். எல்லாம் சொன்ன இடத்தில் இருந்தது.

"முன்னாடி வந்திருக்கிறீர்களா?" என்றார்.

"இல்லை. இதே மாதிரி ஒன்று கட்டியிருக்கிறேன்."

"எங்கே?"

"ஜவ்வாது மலையில்."

வயதானவர்கள் பேசும்போது எல்லா ஊரிலும் தலையாட்டுவார்களே, அப்படித் தலையாட்டினார். அவருக்கும் என் வயதுதான் இருக்கும்.

பொய்யில்லை. எழுபதுகளின் கடைசியில், கட்டடப் படிப்பில் டிப்ளமோ வாங்கிக்கொண்டு கணியம்பாடிப் பக்கம் எங்கள் ஊரில் சும்மா இருந்தேன். சும்மா என்றால் முழு நேரச் சும்மா. எங்கள் வீட்டுக் கடலைக்காட்டில் களை எடுக்கும் பெண்கள்கூட என்னை "இஞ்சினீரு" என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள். அப்போது கிடைத்த முதல் வேலைதான் இது. மலைமேல் ஒரு சர்ச் கட்டவேண்டும், மேற்பார்வைக்கு ஆள் வேண்டும். நான் அதுவரை சர்ச்சுக்குள் கால் வைத்ததில்லை. அதைச் சொன்னதும் வேலை கொடுத்த சர்ச் கமிட்டிக்காரர், "நல்லதாப் போச்சு. உனக்கா ஒண்ணும் தோணாது. ப்ளான்ல இருக்கறத கட்டு" என்றார். என் வாழ்க்கையில் கிடைத்த ஒரே பாராட்டுப் பத்திரம் அது.

அந்த ப்ளானின் கதை இது. இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்துச் சபை, தங்கள் கோயிலுக்கு இந்தியாவில் ஒரு மகள் கோயில் வேண்டும் என்று ஆசைப்பட்டது. மகள் என்றால் அம்மா ஜாடை இருக்கவேண்டாமா? எனவே நூறு வருஷம் பழசான தங்கள் கோயிலின் வரைபடங்களைப் பிரதி எடுத்து அனுப்பி, இதே மாதிரி கட்டுவதாக இருந்தால் பணம் தருகிறோம் என்றார்கள். நமக்குப் பணம் தருகிறவர் சொல் வேதவாக்கு. வேலூரில் உட்கார்ந்திருந்த கமிட்டி, ப்ளானில் ஓர் அங்குலம் மாறினாலும் தெய்வக் குற்றம் என்று தீர்மானம் போட்டது. மலையைக் கமிட்டியில் பாதிப் பேர் பார்த்ததில்லை, மீதிப் பேர் கண்ணமங்கலம் பஸ்ஸிலிருந்து பார்த்திருந்தார்கள்.

கோயிலுக்குப் பொறுப்பு தேவசகாயம் ஐயர். எங்கள் பக்கத்தில் சர்ச் போதகரையும் ஐயர் என்றுதான் சொல்வோம், பூணூல் ஐயரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். நெடுநெடுவென்று உயரம், எப்போதும் இஸ்திரி போட்ட வெள்ளை அங்கி, மலைமேல் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி கிடைக்காத நாளில் கடுகடுப்பு. நல்ல மனிதர்தான். ஆனால் சபையில் அவர் குடும்பம், பள்ளிக்கூட வாத்தியார் குடும்பம், நர்சம்மா ஆகியோரைத் தவிர ஆளில்லை. மலை முழுக்க சாமையும் புளியும் விளைவித்து, தங்கள் சாமியைத் தாங்களே கும்பிட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்த கவுண்டர்கள். அவர்கள் ஐயரைப் பார்த்தால் மரியாதையாக வணக்கம் சொல்வார்கள், அவர் பேச ஆரம்பித்ததும் மாடு அவிழ்க்க நேரமாகிவிடும்.

இப்போது ப்ளானுக்கு வருகிறேன். சீமையில் பனிக்கட்டி மழை மாதிரி கொட்டும், கூரையில் தங்கினால் இடிந்துவிடும், எனவே கூரை செங்குத்து. ஜவ்வாது மலையில் மார்கழியில் புல் நுனி வெளுக்குமே தவிர வேறொன்றும் கிடையாது. ஆனாலும் கூரை செங்குத்து. சீமையில் அதற்குக் கரும்பலகைக் கல் போடுவார்கள். எங்களுக்கு மங்களூர் ஓடு. முதல் வரிசை ஓட்டை அடுக்கிவிட்டு மேஸ்திரி இறங்குவதற்குள் அதுவும் கூடவே இறங்கியது. மேஸ்திரி குப்புசாமி ஒடுகத்தூர்க்காரர், வாயில் எப்போதும் புகையிலை. அண்ணாந்து பார்த்து, "இதுல காக்கா குந்துனாக்கூட வழுக்கிடும் சார். இன்னாத்துக்கு இப்டி?" என்றார். பனி என்றேன். "அது எப்போ வரும்?" என்றார். வராது என்றேன். அவர் புகையிலையைத் துப்பிவிட்டு, ஒவ்வொரு ஓட்டையும் கம்பி போட்டுக் கட்ட ஆளை ஏற்றினார். அவர் அதற்குமேல் எதையும் கேட்கவில்லை, கூலி சரியாக வந்துகொண்டிருந்தது.

வாசல் மண்டபத்தில் பூட்ஸ் சேற்றைச் சுரண்ட ஓர் இரும்புத் தகடு பதிக்கவேண்டும். செருப்பே இல்லாத ஊர். பதித்தோம். பலாப்பழம் அறுத்த கத்தியின் பிசினை வழிக்க அதைவிட நல்ல சாமான் மலையில் இல்லை என்று ஊரே பேசிக்கொண்டது. பெஞ்சு ஓரத்தில் நனைந்த குடை செருக வளையமும், கீழே தண்ணீர் வடியத் தட்டும். அந்தத் தட்டில் பிள்ளைகள் சீத்தாப்பழக் கொட்டையைத் துப்பினார்கள். மணிக்கூண்டு உச்சியில் காற்று காட்டும் சேவலை ஏற்றிய அன்று மலைக்காரர்கள் கூட்டமாக வந்து பார்த்தார்கள். "நாம சாமிக்கு சேவல அறுக்கறோம், இவங்க மேல தூக்கி வெச்சிட்டாங்களே" என்றார் ஒருவர். "அவங்க சாமி சைவம் போல" என்றார் இன்னொருவர். நான் விளக்கம் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது.

இந்தக் கூத்துக்கு நடுவில் சிரிக்காமல் இருந்த ஒரே ஆள் ரூபி நர்சம்மா. கண்ணமங்கலத்துக்காரர், நாற்பது வயதிருக்கும், குள்ளமான உருவம், பெரிய குரல். தகரக் கொட்டகை ஒன்றுதான் அவருடைய ஆஸ்பத்திரி. காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் அது போதும். பிரசவத்துக்கு அங்கே இடமில்லை. மலைக்காரர்கள் வீட்டுக்குள் பிள்ளை பெறமாட்டார்கள், வீட்டுச் சாமிக்குத் தீட்டு. ஊருக்கு ஒதுக்கமாக ஒரு குடிசை போட்டு, தனி அடுப்பு வைத்து, அங்கே படுக்க வைப்பார்கள். ஒரு சிக்கல் என்றால், மூங்கிலில் கம்பளியைத் தொட்டிலாகக் கட்டி டோலி தூக்கி, காட்டு வழியில் ஒடுகத்தூருக்கு இறக்கவேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த மழைக்காலத்தில் சின்னப்பாப்பா என்ற பெண்ணை அப்படி இறக்கினார்கள். விடிந்து கொஞ்ச நேரத்தில் போன டோலி, மதியத்துக்குள் திரும்பி வந்தது. தூக்கி வந்தவர்கள் யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தார்கள். கூடவே போயிருந்த நர்சம்மா, தண்ணீர்த் தொட்டி அருகே உட்கார்ந்து கை கழுவிக்கொண்டே இருந்தார். 

பிரசவத்துக்கு இரண்டு அறை கட்டித் தாருங்கள் என்று நர்சம்மா அதற்கு முன்பே கமிட்டியிடம் கேட்டிருந்தார். பணம் தேவாலயத்துக்கு மட்டும் என்று பதில் வந்திருந்தது. சின்னப்பாப்பா போன மறு வாரம் நான் புளியமரத்தடியில் ப்ளானை விரித்துக் கல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"இது இன்னா ரூமு தம்பி?"

"வெஸ்ட்ரி சிஸ்டர். ஐயரு உடுப்பு மாத்திக்கற ரூமு."

"மூலையில இன்னாது, அடுப்பா?"

"குளிர் காயறதுக்கு. மேல பொகபோக்கி."

"இது தண்ணித் தொட்டியா?"

"பூசைச் சாமான் கழுவறதுக்காம்."

"வெளிய போறதுக்குத் தனியா கதவு வேற கீது. ஏன் தம்பி, உடுப்பு மாத்திக்க இத்தினியும் வேணுமா?"

"சீமையில குளிரு சிஸ்டர்."

கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து அந்த அறையை அளந்து பார்த்தார். "ரெண்டு கட்டில் புடிக்குமா?" என்றார். யாருக்கு என்று கேட்டேன். "சொம்மா கேட்டேன்" என்று போய்விட்டார்.

அதற்குப் பிறகு பார்க்கவேண்டுமே. மலையிலேயே அந்த ப்ளானுக்கு நர்சம்மாவை மிஞ்சிய பக்தர் கிடையாது. கமிட்டி ஒரு தடவை மேலே வந்து கூடியபோது, ஐயரே மெதுவாக ஆரம்பித்தார். இந்தக் கணப்பு ஒன்றை மட்டும் விட்டுவிடலாமே, இங்கே யார் குளிர்காயப் போகிறார்கள், தனிக் கதவும் வேண்டாம், திருடன் வருவான். கமிட்டியும் தலையாட்டப் போனது. காபி கொடுத்துக்கொண்டிருந்த நர்சம்மா தட்டைக் கீழே வைத்தார்.

"அவங்க வந்து பாக்கறப்ப, எங்க கோயில்ல இருந்த கணப்பு எங்கன்னு கேட்டா இன்னாங்க பதில் சொல்லுவீங்க? ப்ளான்ல கை வெச்சது யாருன்னு கேப்பாங்களா மாட்டாங்களா?"

கமிட்டித் தலைவருக்கு முகம் வெளுத்துவிட்டது. கணப்பு இருக்கட்டும், கதவும் இருக்கட்டும் என்று தீர்மானமாயிற்று. "தொட்டியும் கீதுங்க" என்று நர்சம்மா எடுத்துக் கொடுத்தார். தொட்டியும் சேர்ந்தது. கூட்டம் முடிந்து மேஸ்திரி என் காதில், "நர்சம்மாவுக்கு வெள்ளக்காரன் மேல எவ்ளோ விசுவாசம் பாத்தியா சார்" என்றார். சீமைக்குப் போக விமான டிக்கெட்டுக்கு அடிபோடுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். இஞ்சினீர் மூளை அவ்வளவுதான்.

காம்பவுண்டு வாசலில் ஒரு சின்னக் கூரை மண்டபம் இருந்தது ப்ளானில். அடக்கத்துக்கு வரும் சவப்பெட்டியை மழையில் நனையாமல் இறக்கி வைத்து, பாதிரியாருக்காகக் காத்திருக்கும் இடமாம். நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கல்மேடை. இரண்டு கல்லை நட்டு மேலே பலகைக்கல்லைத் தூக்கி வைத்தபோது மேஸ்திரி முண்டாசை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். ஆட்களும் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"இது சுமைதாங்கிக் கல்லாச்சே சார். புள்ளத்தாச்சியா செத்தவளுக்கு வெக்கறது. இங்க யாருக்கு வெக்கறாங்க?"

எங்கள் பக்கத்துச் சாலை ஓரங்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். வயிற்றுப் பிள்ளையோடு இறந்தவளின் பாரம் இறங்கவேண்டும் என்று, வழிப்போக்கர் தலைச்சுமை இறக்கி வைக்க நடும் கல். சீமைக்காரன் பிணம் வைக்கப் போட்ட மேடை அச்சில் வார்த்தது மாதிரி அப்படியே இருந்தது.  பின்னாலிருந்து நர்சம்மா, "சின்னப்பாப்பாவுக்கு" என்றார்.  மேஸ்திரி ஆளனுப்பி மஞ்சள் வாங்கிவந்து கல்லில் பூசினார். ஐயர் சாயங்காலம் பார்த்துவிட்டு, கல்லில் என்ன கறை என்று கேட்டார். பாறையின் இயற்கை நிறம் என்று நான் சொன்னேன். டிப்ளமோ படித்தவன் சொன்னால் நம்பத்தானே வேண்டும்.

வெஸ்ட்ரி பூச்சு காய்வதற்குள் அடுத்த மழைக்காலம் வந்துவிட்டது. ஒதுக்குக் குடிசை ஒன்று ஒழுக ஆரம்பித்த அன்று, வலி கண்ட பெண்ணை நர்சம்மா டோலியில் ஏற்றி நேரே கோயிலுக்குக் கொண்டுவந்தார். சுமைதாங்கியில் டோலி இறங்கியது, பக்கக் கதவு திறந்தது, கணப்பில் விறகு வைத்துத் தண்ணீர் காய்ந்தது. நாங்கள் கூரைமேல் இருந்தோம். புகைபோக்கியில் முதல் புகை வந்ததும் மேஸ்திரி, "பரவால்ல, நல்லா இழுக்குது" என்று தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கீழே குழந்தை அழுதது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விஷயம் விளங்கிற்று. அவர் முகத்தில் வந்த சிரிப்பை அவர் மறைக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சுண்ணாம்பு என்று சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் அந்த ஊர்ப் பெரியவர் வந்தார். நாட்டார் என்பார்கள், மலையில் அவர் சொல்லுக்கு அப்பீல் கிடையாது. வேற்றுச் சாமி இருக்கும் இடத்தில் பெண் படுத்ததற்கு அபராதம் போடப் போகிறார் என்று ஐயர் வீட்டில் எல்லோருக்கும் உதறல். நாட்டார் கட்டடத்தைச் சுற்றி வந்தார். புகைபோக்கியைப் பார்த்தார், தனிக் கதவைப் பார்த்தார், தங்கள் வீட்டுக் கூரையைப்போலவே சரிந்திருந்த கூரையைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"எங்க வழக்கம் தெரிஞ்சுதான் கட்டிக்கிறீங்க. ஊருக்கு ஒதுக்கம், தனி அடுப்பு, தனி வாசக்கால். நல்ல புள்ளப்பேறு வூடு. சொந்தக்காரங்க குந்தறதுக்கு இம்மாம் பெரிய கூடமா? அதான் கொஞ்சம் தண்டம்."

பீடமும் மணிக்கூண்டும் பெஞ்சு வரிசையும் பிரசவம் ஆகும்வரை உறவினர் காத்திருக்கும் கூடம் என்று அவருக்குத் தீர்மானமாகிவிட்டது. அது சாமி கும்பிடுகிற இடம் என்றேன். "அதுவும் நடக்கட்டும்" என்று பெருந்தன்மையாக அனுமதி கொடுத்தார். அன்று முதல் மலையில் அதற்குப் புள்ளப்பேறு வூடு என்றே பெயர்.

நாட்டார் போனதும் ஐயர் பெரிய ரகளை செய்தார். பரிசுத்த ஸ்தலத்தில் இப்படியா என்றார். நர்சம்மா வாதாடவில்லை. கோயில் இன்னும் பிரதிஷ்டை ஆகவில்லையே, அதுவரை வெறும் கட்டடம்தானே என்று மட்டும் கேட்டார். ஐயர் சட்டம் பார்க்கிற ஆள், யோசித்தார். "பிரதிஷ்டை ஆகிற வரைக்கும்தான். அதுக்கப்புறம் ஒரு நாள்கூடக் கிடையாது" என்றார். நர்சம்மா தலையாட்டினார். பிறகு என்னிடம் வந்து, வேலையைக் கொஞ்சம் மெதுவாகச் செய்யமுடியுமா என்றார். மெதுவாகச் செய்வதில் எனக்கும் மேஸ்திரிக்கும் பயிற்சி தேவைப்படவில்லை. ஆனாலும் எந்தக் கட்டடமும் ஒரு நாள் முடிந்துதானே ஆகவேண்டும்.

பிரதிஷ்டைக்குச் சீமையிலிருந்து அந்தக் கிராமத்துப் பாதிரியாரும், ஊர் ஊராகப் போய் நிதி திரட்டிய ஓர் அம்மாளும் வந்தார்கள். வாசலில் வாழைமரம், தோரணம், ஒடுகத்தூர் பேண்டு வாத்தியம். ஐயர் வெஸ்ட்ரியில் புது அங்கிகளை மாட்டி, பக்கக் கதவுக்குப் புதுப் பூட்டு போட்டு, சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். நர்சம்மா முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க தைரியமில்லை. ஆராதனைக்கு முன்னால் விருந்தினர் ஊர்வலமாக வாசலுக்கு வந்தபோது சுமைதாங்கிமேல் ஒரு டோலி இருந்தது. உள்ளே ஒரு பெண் கம்பளியைக் கடித்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் அவள் சொந்தக்காரர்கள் ஒரு படையே நின்றது.

பேண்டு நின்றுவிட்டது. நர்சம்மா ஐயர் முன்னால் போய்க் கையை நீட்டினார். "சாவி குடுங்க."

"இன்னைக்கா? ரூபி, இன்னைக்கு மட்டும் கொட்டகையில..."

"கொட்டகையில மொழங்கால் தண்ணி. புள்ள குறுக்க கீது ஐயரே. குடுங்க."

ஐயர் விருந்தினரைப் பார்த்தார், கமிட்டியைப் பார்த்தார், டோலியைப் பார்த்தார். கை இடுப்புக்குப் போவதும் வருவதுமாக இருந்தது. அந்தப் பெண் ஒரு சத்தம் போட்டாள். சாவி நர்சம்மா கைக்கு மாறியதை நான் பார்த்தேன், ஆனால் அவர் கொடுத்தாரா இவர் பிடுங்கினாரா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியாது.

ஆராதனை தொடங்கிற்று. சொந்தக்காரப் படை முழுவதும் உரிமையோடு கூடத்தில் வந்து உட்கார்ந்தது. அவர்களுக்காகத்தானே கட்டியது. மலைக்கோயில் நிரம்பி வழிவதைப் பார்த்து வெள்ளைக்காரப் பாதிரியார் பூரித்துப்போனார். சீமை அம்மாள் புகைபோக்கியைக் காட்டி, எங்களுக்காகக் கணப்பு மூட்டினீர்களா, எவ்வளவு அன்பு என்றாராம். ஐயர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பாதிரியார் பேசுவார், ஐயர் தமிழில் சொல்வார், கூட்டம் வடக்கே வெஸ்ட்ரிக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். பிரசங்கத்தின் நடுவில் அறைக்குள்ளிருந்து எதுவும் கேட்காமல் போயிற்று. எனக்கு அந்த அமைதிதான் பயமாக இருந்தது. சின்னப்பாப்பாவின் டோலி திரும்பி வந்தது கண்ணுக்குள் ஓடியது. பாதிரியார் பேசிக்கொண்டே இருந்தார். ஐயர் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். அவரும் அந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அழுகை கேட்டது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கிழவர் எழுந்து, "இன்னா புள்ள?" என்று கத்தினார்.

கதவு திறந்தது. "பொட்டப் புள்ள! ரெண்டு பேரும் நல்லா கீறாங்க!" என்றார் நர்சம்மா.

கூடமே ஹோவென்று எழுந்து நின்றது. தன் பிரசங்கத்துக்கு இப்படி ஒரு வரவேற்பு அந்தப் பாதிரியாருக்குச் சீமையில் கிடைத்திருக்காது. கண்ணீரோடு இரண்டு கையையும் தூக்கி ஆசீர்வதித்தார்.

சீமை அம்மாள் மட்டும் ஏமாறவில்லை. பெண் அல்லவா, அந்த அழுகை தெரியாதா. ஆராதனை முடிந்ததும் நேராக வெஸ்ட்ரிக்குப் போனார். கமிட்டி பின்னாலேயே ஓடியது, நானும் ஓடினேன். கட்டிலில் பெண், கணப்பில் கொதிக்கும் குண்டான், ஆணியில் தொங்கிய புது அங்கிகளுக்கு நடுவே காயப் போட்ட துணிகள். அந்த அம்மாள் நெடுநேரம் பார்த்தார். பிறகு ஐயரிடம் திரும்பி, "இந்த அறையை இதற்காகவா கட்டினீர்கள்?" என்று கேட்டார். குரலில் கோபமா இல்லையா என்று தெரியவில்லை. கமிட்டித் தலைவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். நர்சம்மா குழந்தையைத் துடைப்பதை நிறுத்தாமல் ஐயரை மட்டும் பார்த்தார்.

இஸ்திரி கலையாத அந்த மனிதர், பொய் என்ற சொல்லைக்கூடச் சிறுவர் முன்னால் சொல்லாதவர், நிமிர்ந்து நின்று இங்கிலீஷில் சொன்னார்:

"எஸ் மேடம். ஆஸ் பெர் ப்ளான்."

அந்த அம்மாள் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த அறையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஐயர் பக்கக் கதவின் சாவியைத் திரும்பக் கேட்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் காம்பவுண்டு வாசல் மண்டபத்துக்குப் போய், சுமைதாங்கிக் கல்லில் மடித்து வைத்த அங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டு வருவார். மழை நாளில் நான் குடை பிடித்திருக்கிறேன்.

நான் இன்னும் சில வருஷம் அந்தப் பக்கத்திலேயே வேலை பார்த்தேன். சபை பெருகிற்று என்று ஐயர் வேலூருக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். பிரசவம் இருக்கும் ஞாயிறு கூடம் நிறையும், இல்லாத ஞாயிறு வாத்தியார் குடும்பம் மட்டும். இரட்டைப் பிள்ளை பிறந்த அன்று வெளியேயும் ஆள் நின்றது. எதிர் மலை ஊர்களில் புகையைப் பார்த்தால் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு, யார் வீட்டுப் பெண் என்று கேட்டு, தங்கள் சாமிக்கே வேண்டிக்கொள்வார்கள். ஐயருக்கு அதுவும் தெரியும். நாளாக ஆக அதைத் திருத்த அவர் முயலவில்லை.

அப்புறம் ரோடு வந்தது, ஜீப் வந்தது, சர்க்கார் ஆஸ்பத்திரி வந்தது, கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வந்தது. வரவேண்டியவைதான். இன்று ஒரு பெண்ணும் காட்டு வழியில் டோலியில் சாவதில்லை, அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும். ஆனால் பிரசவம் நின்றதும் கூடமும் காலியாயிற்று. ஐயர் மாற்றலாகிப் போனார். நர்சம்மா ஓய்வு பெற்றுக் கண்ணமங்கலத்துக்குப் போய் அங்கேயே காலமானார். எனக்குச் செய்தி தாமதமாகத்தான் கிடைத்தது, போக முடியவில்லை. அது இன்னும் மனசில் உறுத்துகிறது.

இங்கிலாந்திலிருந்து திரும்பியதும் ஒடுகத்தூரில் ஒரு கார் பிடித்து மேலே போனேன். கூரைக்குப் பதில் தட்டையாகக் கான்கிரீட் போட்டு, முகப்பில் பளபளவென்று டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். மணிக்கூண்டில் ஒலிபெருக்கி. எலி வருகிறது என்று புகைபோக்கியை இடித்துவிட்டார்களாம். காம்பவுண்டு வாசலை அகலப்படுத்தியபோது மண்டபமும் சுமைதாங்கிக் கல்லும் போய்விட்டன. வடக்கே வெஸ்ட்ரி அறை பூட்டியிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் ஆணியில் ஓர் அங்கி தொங்கியது.

கார் ஓட்டி வந்தவருக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். அந்த அறையின் சுவரில் முதுகைச் சாய்த்து, ஒரு காலை மடக்கிச் சுவரில் ஊன்றிக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தார். சொந்த ஊர் எது என்று கேட்டேன்.

"இந்த மலதான் சார். இங்கதான் பொறந்தேன். புள்ளப்பேறு வூடுன்னு ஒண்ணு இருந்துச்சாம். ஒரு நர்சம்மா பாப்பாங்களாம். எங்கம்மா சொல்லிக்கினே இருக்கும். நானும் எங்க இருந்துச்சுன்னு தேடிப் பாத்தேன் சார். இடிச்சிட்டாங்க போல, ஒண்ணும் கெடைக்கல."

"நீ சாஞ்சிக்கினு இருக்கறதுதான்ப்பா அது" என்றேன்.

அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். மேலே சிலுவையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஊன்றியிருந்த காலை மரியாதையாகக் கீழே இறக்கினார்.

"போங்க சார்" என்று சிரித்தார். "இது சர்ச்சு."